வாரம் ஒரு நாடு வேண்டாம், ஒரு முட்டைக்கோஸ் போதும்

ஒன்பது வயதில் மகள், ஐந்து வயதில் மகன். வாரம் ஒரு நாடு என்று வைத்துக்கொண்டு, அந்த நாட்டு உணவைச் சேர்ந்து சமைத்து, உலகப் பண்பாடுகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தலாமா, எந்த நாட்டில் தொடங்கலாம், எந்தப் பண்டம் எளிது என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னவன் புதிதாக எதை நீட்டினாலும் வாயை இறுக்க மூடிக்கொள்கிறான் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். பட்டியல் கேட்பது போல இருந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. சமைத்துச் சாப்பிடுவதால் வேறொரு மக்களைப் பற்றிப் பிள்ளைக்கு உருப்படியாக ஏதாவது விளங்குமா, இல்லை ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துபோகுமா? அப்புறம், சாப்பிடவே மாட்டேன் என்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் பட்டியல் தானாக வந்துவிடும்.

கல்லூரியில் மனையியல் படித்தேன். 17 வருடங்களாக 5 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் போட்டிருக்கும் அதே திட்டத்தோடுதான் நானும் தொடங்கினேன். 12 வாரம், 12 நாடு. சுவரில் கொடி, மேசையில் ஒரு பண்டம், அந்த மொழியில் ஒரு வணக்கம். பிள்ளைகள் குதூகலமாக இருந்தார்கள், பெற்றோருக்கும் மகிழ்ச்சி. கடைசி வகுப்பில் எல்லாவற்றையும் மறுபடி பேசிக்கொண்டிருந்தபோது எட்டு வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: “டீச்சர், மெக்சிகோவில மிக்சி வாங்க யார்கிட்டயும் காசு இல்லையா?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாரம் நான் காட்டிய படங்கள் எல்லாவற்றிலும் ஒரு பெண் மண்டியிட்டுக் கல்லில் மக்காச்சோளம் அரைத்துக்கொண்டிருந்தார். பையன் பார்த்ததை வைத்துச் சரியாகத்தான் யோசித்திருக்கிறான். 10 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நாட்டை, ஒரு கல்லும் ஒரு தொப்பியுமாகச் சுருக்கிக் கொடுத்தது நான்.

இந்தச் சறுக்கலுக்கு ஒரு பெயர் உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1989இல் இதைச் ‘சுற்றுலாப் பாடத்திட்டம்’ என்றார். உணவு, உடை, திருவிழா ஆகிய மூன்றையும் மட்டும் காட்டி, அந்த மக்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போவதையும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதையும் காட்டாமல் விட்டுவிடும் பாடம். போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம், கையில் மிஞ்சுவது விநோதம் மட்டும். அவர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் அதற்காகச் சமையலையே கைவிட வேண்டியதில்லை. சமையலை எந்தப் பக்கத்திலிருந்து திறப்பது என்பதை மாற்றினால் போதும். நான் இப்போது நாட்டிலிருந்து தொடங்குவதில்லை, ஒரு சிக்கலிலிருந்து தொடங்குகிறேன். குளிர்காலத்தில் நான்கு மாதம் ஒன்றும் விளையாது, என்ன சாப்பிடுவது? கையில் இருக்கும் தானியம் கல் மாதிரி இருக்கிறது, எப்படி மெல்லுவது? இதற்கு யாரோ ஒருவர், எங்கோ, மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டிருக்கிறார். அந்த வழிதான் இன்று தட்டில் இருக்கிறது. இப்படிப் பார்க்கப் பழகிய பிள்ளை “அவங்க ஏன் இப்படி விநோதமா சாப்பிடுறாங்க” என்று கேட்பதில்லை. “எப்படிக் கண்டுபிடிச்சாங்க” என்று கேட்கிறது.

நாட்டிலிருந்து தொடங்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது உங்கள் சின்னவனைப் பற்றியது. ஐந்து வயதில் நாடு என்ற கருத்தே பிள்ளைக்குப் பிடிபடாது. ழான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் 1951இல் ஆன்-மரி வைல் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஜெனீவாவில் வாழும் சிறு பிள்ளைகளிடம் ஜெனீவாவையும் சுவிட்சர்லாந்தையும் வட்டங்களாக வரையச் சொன்னார்கள். பலர் இரண்டு வட்டங்களைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டார்கள். ஊர் நாட்டுக்குள் இருக்கிறது என்பதோ, ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டையும் சேர்ந்தவராக இருக்கலாம் என்பதோ ஏழெட்டு வயதில்கூடப் பலருக்குப் புரியவில்லை. அதனால் சின்னவனிடம் கொரியா, எத்தியோப்பியா என்று சொல்வதால் பயனில்லை. “ரொம்பக் குளிர் அடிக்கிற ஒரு இடம், தோட்டத்துல பனி மூடியிருக்கு” என்றால் அவனுக்குப் போதும். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வரைபடத்தை விரிக்கலாம்.

இதை முட்டைக்கோஸை வைத்துக் காட்டுகிறேன். முதல் முறைக்கு இதைவிடத் தோதான பொருளை நான் இதுவரை கண்டதில்லை. ஒரு கிலோ முட்டைக்கோஸுக்கு 20 கிராம் உப்பு. தராசில் நிறுக்கும் வேலை மகளுக்கு. எடையில் நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கை அவளே போடட்டும். மெல்லியதாக நறுக்கிய கோஸில் உப்பைத் தூவி, இருவரையும் கை கழுவிவிட்டுப் பிசையச் சொல்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது. சொரசொரவென்று கையைக் குத்தும், குவியல் கிண்ணத்தைத் தாண்டி நிற்கும். பிறகு கோஸ் பளபளக்கத் தொடங்கும், சத்தம் மாறும், விரலிடுக்கில் ஈரம் தெரியும். பத்து நிமிடத்தில் கிண்ணத்தின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். “நான் தண்ணியே ஊத்தலையே!” என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கத்தும்; இத்தனை வருடத்தில் எனக்கு அது அலுத்ததே இல்லை. உப்பு கோஸுக்குள் இருந்த நீரை வெளியே இழுத்திருக்கிறது. அந்த உப்பு நீருக்குள் கோஸை அமுக்கி வைத்தால், இலையில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் அதன் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற, கெடுக்கும் கிருமிகளுக்கு அங்கே இடம் இல்லாமல் போகிறது. குளிர்பதனப் பெட்டி என்ற ஒன்று வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே கண்டுபிடித்த வழி இது.

இப்போது வரைபடத்தை எடுக்கலாம். இதே வழியை ஜெர்மனியில் சவர்கிராவுட் என்கிறார்கள், புளித்த கோஸ் என்றுதான் பொருள். கிழக்கு ஐரோப்பா முழுக்க இதன் உறவுகள் இருக்கின்றன. கிழக்கே வெகுதூரம் போனால் கொரியாவில் கிம்ச்சி. அங்கே பனிக்காலத்துக்கு முன்னால் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடி உட்கார்ந்து மொத்தமாகக் கிம்ச்சி போட்டுப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்துக்குக் கிம்ஜாங் என்று பெயர். யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2013இல் தென்கொரியாவின் பெயரில் சேர்த்தது; 2015இல் வடகொரியாவின் கிம்ச்சி மரபையும் தனியாகச் சேர்த்தது. எல்லையில் துப்பாக்கியோடு நிற்கும் இரண்டு நாடுகள் வீட்டுக்குள்ளே ஒரே ஊறுகாயைப் போடுகின்றன. இதை என் வகுப்பில் சொன்னபோது பத்து வயதுப் பெண் ஒருத்தி ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ பிரியறதுக்கு முன்னாடி ஒரே வீடா டீச்சர்?” என்று கேட்டாள். கொடியை மட்டும் ஒட்டியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

கிம்ச்சியின் சிவப்பு நிறத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் போய் வந்த பிறகுதான் மற்ற கண்டங்களுக்கு அது பரவியது. ஆக, கிம்ச்சி வெகுகாலம் மிளகாய் இல்லாமல்தான் இருந்தது. நம் மொழியே இதற்குச் சாட்சி சொல்கிறது. மிளகு முதலில் இருந்தது. அதைப் போலக் காரமாக இருக்கும் காய் வந்தபோது மிளகாய் என்று பெயர் வைத்தோம். பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள், கண்கள் விரியும். இன்னொரு சொல் தேயிலை. சீனாவின் தென்கிழக்குக் கடற்கரைப் பேச்சில் ‘தே’, மற்ற பெரும்பாலான இடங்களில் ‘சா’. பெரும்பாலும் கப்பலில் போன இடங்களில் ‘தே’ ஒட்டிக்கொண்டது, தரை வழியாகப் போன இடங்களில் ‘சா’வும் ‘சாய்’யும் தங்கின. எந்தப் பண்பாடும் மூடிய பெட்டி இல்லை என்பதைப் பெரிய வார்த்தைகள் இல்லாமல் விளக்க இதுபோதும்.

சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். இதே முட்டைக்கோஸ் அதற்கும் உதவும். 1768இல் எண்டெவர் கப்பலில் புறப்பட்ட ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயிலிருந்து மாலுமிகளைக் காக்கப் பீப்பாய் பீப்பாயாகப் புளித்த கோஸை ஏற்றிப் போனார். மாலுமிகள் தொடவில்லை. குக் அவர்களை வற்புறுத்தவும் இல்லை. அதிகாரிகளின் மேசையில் தினமும் அதைப் பரிமாறச் செய்து, மாலுமிகள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விடலாம் என்று விட்டுவிட்டார். ஒரு வாரத்துக்குள் ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்க வேண்டிய நிலை வந்ததாகத் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். வளர்ந்த ஆண்களுக்கே இப்படி என்றால் ஐந்து வயதுப் பிள்ளையை நொந்துகொள்ள என்ன இருக்கிறது? புது உணவைக் கண்டு பின்வாங்குவது இரண்டு வயது முதல் ஆறு வயது வரை உச்சத்தில் இருக்கும். அது அடமும் அல்ல, உங்கள் வளர்ப்பின் குறையும் அல்ல. நடக்கப் பழகிய குழந்தை கண்டதையும் வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இயற்கை வைத்த காவல் என்று பலர் கருதுகிறார்கள்.

இதில் உறுதியாகத் தெரிந்தது ஒன்று: திரும்பத் திரும்பச் சுவைத்தால் பிடித்தம் கூடுகிறது. 1982இல் லியன் பர்ச் என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளரும் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புது உணவுகளைப் பல நாள் கொடுத்துப் பார்த்தார்கள். எதை அதிகத் தடவை சுவைத்தார்களோ அதுவே அதிகம் பிடித்துப்போனது. பிற்பாடு வந்த பல ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. எட்டு, பத்து தடவை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட ஆகலாம். வாரம் ஒரு நாடு என்று ஓடும் திட்டம் இங்கேதான் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. ஒவ்வொரு வாரமும் அவனுக்கு எல்லாமே முதல் தடவை. பழகுவதற்குள் பண்டம் மாறிவிடுகிறது. ஒரே பண்டத்தை ஒரு மாதம் வைத்திருங்கள்.

“இதைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்” என்ற பேரம் வேண்டாம். அப்படிப் பேரம் பேசிக் கொடுத்த உணவின் மேல் குழந்தைகளுக்குப் பிடித்தம் குறைந்ததை பர்ச் குழுவின் ஆய்வுகள் காட்டின. ஸ்டிக்கர் மாதிரி உணவல்லாத சின்னப் பரிசு உதவியது என்று சொல்லும் ஆய்வுகளும் பின்னால் வந்தன, ஆகவே பரிசே கூடாது என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் பரிசு கொடுப்பதில்லை. சின்னவனுக்கு வேலை கொடுப்பேன். பிசையட்டும், முகரட்டும், ஜாடியில் அமுக்கட்டும். நாக்கு நுனியில் வைத்துவிட்டு ஒரு காகிதத் துணியில் துப்பிவிடலாம் என்ற அனுமதியும் உண்டு. துப்பலாம் என்று தெரிந்த பிள்ளை துணிந்து வாயில் வைக்கிறது. ஒரே ஒரு விதி மட்டும் கறாராக வைத்திருக்கிறேன்: “சீ”, “உவ்வே” சொல்லக்கூடாது, எப்படி இருக்கிறது என்று சொல்லலாம். புளிக்கிறது, துவர்க்கிறது, கைக்கிறது, உப்புக் கரிக்கிறது, வழுக்குகிறது, நாக்கில் சுருக்கென்று குத்துகிறது. தமிழில் சுவைக்குச் சொல் பஞ்சமே இல்லை. துவர்ப்பு என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட பிள்ளை அதைத் தேடிப் பார்க்க ஆசைப்படும். கூடவே மகளுக்கு இதையும் சொல்லலாம்: இக்கேடா கிக்குனாயே என்ற ஜப்பானிய வேதியியலாளர் 1908இல் கடற்பாசிச் சாற்றில் இருந்த ஒரு தனிச் சுவையைப் பிரித்தெடுத்து ‘உமாமி’ என்று பெயர் வைத்தார், இன்று உலகமே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது.

இரண்டாவது பொருளாக மக்காச்சோளத்தைச் சொல்வேன். அந்தப் பையனின் மிக்சிக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது இதில்தான். மெக்சிகோவில் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி, பிறகு அரைக்கிறார்கள். கடைகளில் மாசா ஹரீனா என்ற பெயரில் கிடைக்கும் மாவு இப்படிப் பக்குவப்படுத்தியது. (சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். மாவையே வாங்கிக்கொள்ளுங்கள்.) ஒரு கிண்ணத்தில் மாசா ஹரீனா, இன்னொன்றில் சாதாரண மக்காச்சோள மாவு. இரண்டிலும் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, பெயர் சொல்லாமல் பிசையக் கொடுங்கள். ஒன்று களிமண் மாதிரி சேர்ந்து உருண்டு வரும். இன்னொன்று ஈர மணல் மாதிரி பொலபொலவென்று உதிரும். உருண்டு வந்ததை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்துத் தட்டையான பாத்திரத்தால் அமுக்கினால் வட்டமாக டார்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டி. சூடான கல்லில் இரண்டு பக்கமும் போட்டு எடுத்தால் வேலை முடிந்தது. மகள் தாளை உரிக்கும்போது ஓரம் கிழியும், மூன்றாவதில் கை பழகிவிடும்.

ஏன் ஒன்று மட்டும் சேர்ந்து வருகிறது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். சுண்ணாம்பு மேல் தோலைக் கழற்றி, மாவுக்கு ஒட்டும் தன்மையைக் கொடுத்திருக்கிறது. கூடவே, தானியத்தில் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினையும் விடுவித்திருக்கிறது. ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்புப் பக்குவத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அதையே முக்கிய உணவாக நம்பியிருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் நோய் வந்தது. ஸ்பெயினில் காஸ்பர் கசல் என்ற மருத்துவர் 1735இல் அதை விவரித்தார். இத்தாலியில் பெலாக்ரா என்று பெயர் விழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்பகுதியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1914இல் அங்கே இந்த நோயை ஆராயும் பொறுப்பை ஏற்ற ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர், இது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடு என்று நிரூபிக்க நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். நயாசின்தான் அந்தக் குறை என்பதை நோக்கி 1937இல் கான்ராட் எல்வெயெம் என்ற உயிர்வேதியியலாளர் வழி திறந்தார். மண்டியிட்டுக் கல்லில் அரைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கையில் எவ்வளவு பெரிய அறிவு இருந்தது என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். அந்தப் படத்தை நான் இன்றும் காட்டுகிறேன், ஆனால் தனியாகக் காட்டுவதில்லை. பக்கத்தில் டார்ட்டியா இயந்திரம் ஓடும் ஒரு மெக்சிகோ நகரக் கடையின் படத்தையும் வைக்கிறேன். நோய் கதையைச் சின்னவனுக்குச் சொல்ல வேண்டாம், மகள் தாங்குவாள்.

எல்லாப் பண்டமும் பசிக்கும் பருவத்துக்கும் கண்ட விடையாக இருப்பதில்லை. சிலவற்றில் வலி இருக்கிறது. கரீபியன் கடலில் இருக்கும் ஹெய்ட்டி நாட்டில் சூப் ஜூமூ என்ற பூசணி சூப்பை ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் குடிக்கிறார்கள். அடிமைகளாக இருந்தவர்கள் அதைப் பிரெஞ்சு எசமானர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள், தாங்கள் சாப்பிட அவர்களுக்கு உரிமை இல்லை. 1804 ஜனவரி 1இல் விடுதலை அறிவித்தபோது அந்த சூப்பே சுதந்திரத்தின் அடையாளமாயிற்று. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வழக்கமாக மாட்டிறைச்சி சேர்ப்பார்கள். நீங்கள் காய்கறி மட்டும் போட்டுச் செய்தால், மாற்றியிருக்கிறோம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். நம் வசதிக்குச் செய்த மாற்றத்தை அவர்களுடைய உணவு என்று காட்டுவது சரியல்ல. எட்டு வயதுக்கு மேல் இதைத் தயங்காமல் செய்யலாம்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு நேராக வருகிறேன். சமையல் வழியே பிள்ளைகள் அளவை, பின்னம், பொருள்களின் தன்மை, பொறுமை எல்லாம் கற்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஜான் டூயி என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைப் பள்ளியிலேயே சமையல் ஒரு முக்கியமான பாடமாக இருந்தது. தாமே சமைத்ததைச் சுவைத்துப் பார்க்கப் பிள்ளைகள் அதிகம் முன்வருகிறார்கள் என்பதற்கும் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் பிற நாட்டு உணவைச் சமைத்த பிள்ளை வளர்ந்த பிறகு பிற மக்களை அதிகம் மதிக்குமா? அப்படி நடக்கும் என்று உறுதி கூற முடியாது. உணவை ரசித்து உண்டுகொண்டே அதைச் சமைத்த மக்களை இழிவாகப் பேசும் பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாக்கு தானாக மனத்தைத் திருத்திவிடாது. சமைக்கும்போது நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பதில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது என்பது என் அனுபவம். இது ஆய்வு முடிவு அல்ல.

அந்தப் பேச்சில் கவனிக்க வேண்டிய ஒன்றிரண்டைச் சொல்கிறேன். “அவங்க எல்லாரும்” என்ற தொடரை வீட்டில் புழங்க விடாதீர்கள். “பலர்”, “சில வீடுகளில்”, “விசேஷ நாளில்” என்று சொல்லிப் பழகுங்கள். சாப்பிடும் முறையையும் காரணத்தோடு சொல்லுங்கள். ஜப்பானில் சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைக்கக்கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள். காரணம் தெரிந்த பிள்ளை அதைக் கேலி செய்யாது. எத்தியோப்பியாவில் ஒரே பெரிய தட்டில் தெஃப் என்ற சிறுதானியத்தின் புளித்த மாவில் சுட்ட அடையான இன்ஜெராவை விரித்துச் சுற்றி உட்கார்ந்து உண்பார்கள். அன்பானவர் வாயில் ஒரு கவளம் உருட்டி ஊட்டுவதற்கு குர்ஷா என்று பெயர். இன்ஜெரா வீட்டில் சரியாக வர நாளாகும், ஆனால் குர்ஷாவை இன்றைக்கே செய்து பார்க்கலாம். அக்கா தம்பிக்கு ஊட்டினால் சின்னவன் வாய் திறக்கவும் வாய்ப்பிருக்கிறது. யாருடைய பண்டம் என்ற சண்டையையும் மறைக்க வேண்டாம். 2010இல் லெபனான் 10,452 கிலோ ஹம்முஸ் (கொண்டைக்கடலை விழுது) செய்து உலக சாதனை படைத்தது. அந்த நாட்டின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதால் அந்த எண். ஹம்முஸ் தங்களுடையது என்று இஸ்ரேலோடு போட்டி. 2020இலோ அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா, மொரிடானியா நான்கும் சேர்ந்து, ரவையை ஆவியில் வேகவைத்துச் செய்யும் கூஸ்கூஸ் எங்கள் எல்லோருடையதும் என்று யுனெஸ்கோவில் ஒன்றாகப் பதிந்தன. மகளிடம் இரண்டையும் சொல்லிவிட்டு அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள்.

நான் எவ்வளவு படித்தாலும் கொடுக்க முடியாத ஒன்று உண்டு. அந்தப் பண்டத்தோடு வளர்ந்த மனிதரின் நினைவு. தெரிந்தவர்களில் அப்படி யாராவது இருந்தால் அழையுங்கள். ஒரு நாட்டின் சார்பாகப் பேசச் சொல்லாதீர்கள், அவர் வீட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். என் வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று எப்போதும் பலித்திருக்கிறது: “சின்ன வயசுல உங்களுக்கு எது பிடிக்காது?” கிம்ச்சி செய்து காட்ட வந்த ஒரு கொரியப் பெண்மணி, ஏழு வயது வரை கிம்ச்சியில் இருக்கும் மிளகாயைத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சாப்பிட்டேன், அம்மா அலசிக் கொடுப்பார் என்று சொன்னார். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரு கிண்ணம் தண்ணீர் கேட்டு வாங்கி அலசிச் சாப்பிட்டார்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. வேறு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் ஒவ்வாமையை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வேர்க்கடலை, மற்ற கொட்டைகள், எள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கிம்ச்சியில் பெரும்பாலும் மீனோ இறாலோ சேர்ந்திருக்கும் என்பதால் கடையில் வாங்கினால் சீட்டைப் படியுங்கள். ஒரு குடும்பம் சமயத்தாலோ கொள்கையாலோ விலக்கும் பொருளை “கொஞ்சம்தானே” என்று சேர்க்கவே கூடாது, தெரியாமல் கலந்து கொடுப்பது அதைவிட மோசம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. பச்சை மாவைப் பிள்ளைகள் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதிலும் கிருமி இருக்கும். சோறு சேர்ந்த பண்டங்களை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

ஆகவே பட்டியல் இவ்வளவுதான்: முதல் மாதம் முட்டைக்கோஸ், இரண்டாவது மாதம் மக்காச்சோளம், பிறகு ஹெய்ட்டியின் பூசணி சூப். ஆறு மாதத்தில் நான்கு பொருள் போதும், நாலாவதை மகளே தேர்ந்தெடுக்கட்டும். இந்தச் சனிக்கிழமை கோஸைப் பிசைந்து, கண்ணாடி ஜாடியில் உப்பு நீருக்கு மேலே ஒரு துண்டுகூடத் தலை நீட்டாதபடி அமுக்குங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே காற்று உண்டாகும். பொங்கி வழியும், அடியில் ஒரு தட்டு வையுங்கள். மேலே பூசணம் பிடித்தாலோ அழுகல் வாடை வந்தாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள்; புளிப்பு வாடை வந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று நாளில் குமிழி தெரியும், அதைக் காதை வைத்துக் கேட்கும் வேலையைச் சின்னவனிடம் கொடுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஒரு துளி சுவைத்து, எப்படி மாறுகிறது என்று மகள் நோட்டில் எழுதட்டும். வெக்கையில் சீக்கிரம் புளிக்கும், குளிரில் மூன்று வாரம்கூட ஆகும். போதும் என்று வீட்டில் எல்லோரும் நினைக்கும் நாளில் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.